இறங்காத பந்தம்

கேமராத் திரையில் நான்கு தீக்கோடுகள் தெரிந்தன. தங்கை புருஷன் வீசியதோ மூன்றே பந்தங்கள்.

கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் அந்த அண்ணன்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மூடிக்கிடந்த கிடங்கின் பின்முற்றத்தில், மண்ணெண்ணெய் வாடையும் துரு வாடையும் கலந்து நெஞ்சை அடைக்க, மூன்று பக்கச் சுவர்களிலும் நிழல்கள் ஏறியிறங்க, பந்தங்கள் காற்றை அறுத்தபடி உர்ரென்று சுழன்றுகொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி, ஈரச்சாக்கும் கையுமாகத் தங்கை. தங்கள் தீப்பந்த வித்தையின் சுவரொட்டிக்கு ஒரே ஒரு நல்ல படம் வேண்டுமென்று புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் அவரை இழுத்து வந்திருந்தார்கள்.

"மாப்ளே, கொஞ்சம் நிறுத்துங்க."

"என்ன மச்சான், அதுக்குள்ள கை வலிக்குதா? வீசுறது நான்!"

"மூணு பந்தத்துக்கு நாலு கோடு விழுதுய்யா."

"ஒண்ணு இனாம்னு வச்சுக்குங்க."

தங்கை களுக்கென்று சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார். மறுபடி பொத்தானை அழுத்தினார். இந்த முறை அந்த நான்காவது கோடு முடிகிற இடத்தில், மாப்பிள்ளையின் தலைக்கு மேலே, ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. கதவளவு அகலம். கரிந்து வெடித்த தோல்.

அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வெளிய வாங்க! ரெண்டு பேரும் வெளிய வாங்க!"

"ஏண்ணே இப்படிக் கத்துற?"

அதே நேரம் மாப்பிள்ளை ஒரு பந்தத்தை உயர வீசினான். அது இறங்கவில்லை. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிடங்குக் கூரைக்கும் மேலே, அந்தரத்தில், அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு வந்தது. விழுந்ததல்ல. மேலிருந்து எதுவோ எறிந்தது.

மாப்பிள்ளையின் முகத்தில் பாய்ந்து பல்லை உடைத்தது. மயிர் பற்றியது. சட்டை பற்றியது. தங்கை சாக்கோடு ஓடினாள். ஏதோ ஒன்று அவளைத் தூக்கிச் சுவரில் அறைந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்குக் கேட்டது.

அவர் பாய்ந்து மாப்பிள்ளையின் கையைப் பற்றினார். தோல் மட்டும் உரிந்து அவர் பிடியில் நின்றது. அவன் மேலே போய்க்கொண்டிருந்தான்.

கூரையைத் தாண்டி. எரிந்தபடி. சுழன்றபடி.

இறங்கினான். இருட்டில் சப்பென்று ஒரு சத்தம். அந்தக் கை அவனைப் பிடித்தாயிற்று.

"மச்சான்!"

அவனுக்கு இன்னும் உயிர் இருந்தது.

மறுபடி மேலே.

தங்கை ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவுக்குத் தவழ்ந்து வந்தாள். கொட்டுகிற தீப்பொறிகளுக்கு நடுவே, அவனைப் பிடிக்க இரண்டு கைகளையும் வானத்தைப் பார்த்து ஏந்திக்கொண்டாள்.

சப்.

"மச்சான்!"

சப்.