ஒன்பது புதுக்கற்கள்

2081 பிப்ரவரி 9 அன்று காலை பதினொரு மணிக்கு, திருவள்ளூர் மாவட்டம் ஆலப்பட்டறையில், விடுபட்டோர் சுவரில் 312 செங்கற்கள் இருந்தன. நான்கு மணிக்குத் திறப்பு விழா.

அல்லியம்மா ரேகைமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அச்சிலிருந்து சுடாத பச்சைக் கல்லை எடுத்துப் புரட்டுகிறவரின் விரல் அதில் பதிந்துவிடும். சூளையில் வெந்துவிட்டால் ரேகை அழியாது. கொத்தடிமையிலிருந்து மீண்ட ஒவ்வொருவரின் பத்து விரல் ரேகைகளும் விடுதலைச் சான்றிதழில் இருக்கின்றன. கட்டடங்களை இடிக்கும்போது கல்லைப் படித்து, அறுத்தவர் யாரென்று கண்டுபிடித்து, அவர் ஊர்ச் சுவரில் பெயரோடு பதிக்க வேண்டும் என்பது சட்டம். அல்லியம்மாவும் பன்னிரண்டு வயதுவரை கல் அறுத்தவள்தான். நான்காவது வரிசையில் அவள் கல் இருந்தது. பக்கத்தில் தம்பி கன்னியப்பனின் கல். இரண்டின் கீழும் 'விடுதலை: 2059'.

கடைசி வரிசையின் ஓரத்தில் மானி ஒலித்தது. கன்னியப்பன், வலது பெருவிரல். சுட்ட காலம்: 2080.

சுட்ட மண் தான் பட்ட கடைசி நெருப்பின் காலத்தை உள்ளே வைத்திருக்கும். மானி அதைக் கணிப்பதில் சில மாதங்கள் முன்பின் ஆகலாம். இருபது வருடம் ஆகாது. அவள் கல்லைத் தடவினாள். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு. விடுதலையாகி ஐந்து வருடம் கழித்து, விறகு வெட்டும்போது கத்தி பட்டு வந்த தழும்பு அது.

"மேஸ்திரி, இந்தக் கல்லு ஏது?"

துளசிங்கம் மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். "எறக்கும்போது ஒம்போது கல்லு ஒடஞ்சிபோச்சிம்மா. மயில் சூளையில புதுசு வாங்கி அடச்சிட்டேன். வுடுதல ஆனவங்க யாரு திரும்பக் கல்லு அறுக்கப்போறாங்க? மிசினு சும்மா தாண்டிப் போயிடும்னு நெனச்சேன்."

"இது என் தம்பி வெரலு."

"அவன்தான் நெல்லூர்ல வாட்ச்மேனா கீறான்னியே?"

மாதம் ஒரு குரல்செய்தி வரும். நல்லா இருக்கேன், வேலை நல்லா இருக்கு. எந்தச் செய்தியிலும் அவன் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இதப் பேத்து எடுங்க. பின்னாடி முத்திர பாக்கணும்."

"அய்யோ! முந்நூறு குடும்பம் பந்தல்ல குந்தினு கீது. நாளைக்கி சொல்லிக்கலாம்மா. இப்ப சொன்னா சொவத்தையே கேஸுக்குப் பிரிச்சி எடுத்துனு பூடுவாங்க."

அதுவும் உண்மைதான். ஆனால் நாளை வரை காத்திருந்தால் சூளை காலியாகிவிடும். ஆட்களை ஏற்றிய லாரி எல்லை தாண்டிவிடும். அவளே உளியை எடுத்தாள். கல்லின் மறைந்த பக்கத்தில் மயில் இருந்தது. மானியின் பதிவைக் கோட்டாட்சியருக்கு அனுப்பினாள். நாற்பது நிமிடத்தில் சூளைக்குப் போய்விடுவோம், யாருக்கும் தெரியக் கூடாது என்று பதில் வந்தது.

பின்னால் நிழல் விழுந்தது. மயில் சூளை கஜபதி. பந்தல் அவருடைய உபயம்.

"இன்னாம்மா, கட்டுன சொவத்த நீயே ஒடைக்கிற?" சிரித்தபடி கேட்டார். கண் மட்டும் உளியில் இருந்தது. கை போனைத் தேடியது.

அல்லியம்மா கல்லை மயில் தெரியாதபடி கவிழ்த்தாள். "கல்லு சரியா குந்தல சார். நீங்க மேடைக்கு வாங்க. ஒங்களுக்குப் பொன்னாட போட்டு போட்டோ எடுக்கணும்."

"கலெக்டர் வராம இன்னா போட்டோ?"

"அவர் வந்தா எல்லாரும் அவரத்தான் எடுப்பாங்க."

கஜபதி சிரித்தார். படம் எடுக்கச் சொல்லிப் போனைத் துளசிங்கத்திடம் கொடுத்துவிட்டு மேடையேறினார். அல்லியம்மா பொன்னாடையை மூன்று முறை சரிசெய்தாள். ஒவ்வொரு குடும்பமாக மேடைக்கு அழைத்து அவர் பக்கத்தில் நிற்க வைத்தாள். துளசிங்கத்தின் கையில் போன் இரண்டு முறை அடித்தது. அவர் எடுக்கவில்லை.

பன்னிரண்டு பத்துக்குச் செய்தி வந்தது: சூளையில் இருபத்தாறு பேர், கன்னியப்பன் உட்பட. பதினோரு பேர் ஏற்கெனவே விடுதலைச் சான்றிதழ் பெற்றவர்கள்.

கஜபதியைப் பொன்னாடையோடு கைது செய்தார்கள். சுவரை வரிசை எண் போட்டுப் பிரித்து, வழக்குச் சொத்தாக ஏற்றிச் சென்றார்கள். குடும்பங்கள் பந்தலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பின.

மறுநாள், இரண்டாவது சான்றிதழுக்கு ரேகை வைக்கும்போது கன்னியப்பன் கேட்டான்: "சொவத்துல எம்பேரு ரெண்டு தபா வருமாக்கா?"

மார்ச் மாதத்தில், மாவட்டத்தின் எல்லாச் சூளைகளிலும் முதலாளிகள் கல் அறுப்பவர்களுக்குக் கையுறை வழங்கினார்கள்.