என்ன ஊர் காட்டுது?

மேஜை டிராயருக்குள் ரஞ்சிதாவின் செல் அதிர்ந்தபோது டெல்சிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அதன் பேட்டரியைத் தானே கழற்றி மூன்று வாரமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலம் ஆறே முக்கால். கரன்ட் போய்க் கால் மணி நேரம். கீழே ஜெராக்ஸ் கடையிலிருந்து ஏறிவந்த மை வாசனையும், மெழுகுவர்த்தி உருகும் நெடியும், ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி உறுமிப் போகும் கம்பெனி பஸ்களின் அதிர்வுமாக, டெல்சியின் சின்னக் கவுன்சலிங் அறை மூச்சு முட்டிக் கிடந்தது.

ரஞ்சிதா வழக்கம்போல ஜன்னல் மூலையில் நின்றாள். எட்டு வாரமாக வருகிறாள். ஒரு தடவைகூட நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

எல்லாம் புருஷன் கோவிந்தப்பன் பழக்கிய பழக்கம். சூளகிரிப் பக்கம் கம்பெனி வேலை. அரை மணிக்கு ஒரு போன், ஒரே கேள்வி: “என்ன ஊர் காட்டுது?” செல் திரையில் டவரின் ஊர்ப் பெயர் வரும். படித்துச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் குரலிலேயே பிடித்துவிடுவான். வீடு எல்லையோரம், அடுப்படியில் நின்றாலே கர்நாடகத்து அத்திப்பள்ளி டவர் இழுத்துக்கொள்ளும். “அங்க எவன்கூடடி சுத்தற?” என்று ஆரம்பித்தால் மூன்று நாள் பேச்சும் கிடையாது, சோறும் கிடையாது. ‘ஓசூர்’ காட்டும் ஒரே ஜன்னல் மூலையில் நின்று நின்றே நாலு வருஷம் ஓட்டிவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன் வீட்டை விட்டு வந்ததும் டெல்சிதான் அந்தச் செல்லை வாங்கி வைத்தாள்.

இன்றைக்கு ஏழு மணி சேலம் பஸ்ஸில் அவள் ஏறியாக வேண்டும். ஹாஸ்டல், தையல் வேலை, எல்லாம் டெல்சி பேசி வைத்தாயிற்று.

“போகட்டுங்களா மேடம்?”

“நீ என்னம்மா நினைக்கிற?”

“நீங்க சொன்னா சரிங்க மேடம்.”

எட்டு வாரமாக இதே பதில். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

டிராயர் மறுபடி அதிர்ந்தது. திறந்தாள். பச்சை வெளிச்சம். திரையில் ‘சூளகிரி.’

மேஜை போனை இழுத்துக் கோவிந்தப்பனின் கம்பெனிக்குப் போட்டாள். கேட்டில் இருந்தவர் சிரித்தார். “அவரு லைன்ல நிக்கறாருங்க மேடம். ஷிப்ட் முடிஞ்சு பத்து மணிக்குத்தான் வெளிய வருவாரு.”

அப்படியானால்?

திரை மாறியது. ‘ஓசூர்.’

கீழே பஸ் சத்தம் நின்றுபோயிருந்தது. மை வாசனை இல்லை. மெழுகுவர்த்திச் சுடர் அசையாமல் நின்றது.

‘மாடிப்படி.’

டெல்சி போய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டு காலி. கைப்பிடிக் கம்பி மட்டும் சில்லென்று கிடந்தது. மூடித் தாழ் போட்டுத் திரும்பினாள்.

‘உள்ளே.’

செல் விடாமல் அடித்தது.

“எடுக்கட்டுங்களா மேடம்?” ரஞ்சிதாவின் கை நீண்டது.

“எடுக்காத! எத்தன தடவ சொல்றது உனக்கு? என்னக் கேக்காம ஒண்ணும் தொடக் கூடாது! உக்காருடி அங்க!”

ரஞ்சிதா உட்கார்ந்தாள்.

பட்டென்று. முதுகு நிமிர்ந்து. கை மடியில். எட்டு வாரத்தில் முதல் தடவை.

டெல்சி செல்லைத் தூக்கி எறியப் போனாள். பின்பக்கம் விரல் பட்டது. பேட்டரி இருக்க வேண்டிய குழி. காலி.

மணிச்சத்தம் அறுந்தது. மூச்சு. அப்புறம் ஒரு பெண் குரல். தெரிந்த குரல். கேசட்டில் பதிந்து கேட்டால் நம் குரலே நமக்கு வேறு மாதிரி இருக்குமே, அந்த மாதிரி.

“என்ன ஊர் காட்டுது?”

“ஓசூருங்க மேடம்.”

ரஞ்சிதா செல்லைப் பார்க்கவில்லை. டெல்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே சேலம் பஸ் ஹாரன் அடித்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. கிளம்பிப் போயிற்று. நாற்காலி அசையவில்லை.

செல் நழுவித் தரையில் விழுந்தது. வெளிச்சம் அணைந்தது. டெல்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இறுக்கி.

“என்ன ஊர் காட்டுது?”

உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.