உயிர்ச்சேதம் இல்லை

லாபு சாலையிலிருந்து தீயணைப்பு நிலையத்தின் வேன் செம்மண் பாதைக்குள் திரும்பியபோது பிற்பகல் மூன்று மணி. மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. இருபுறமும் செம்பனைகள் சொட்டிக்கொண்டிருந்தன. வேனை ஓட்டிய இராஜமாணிக்கம் யாரிடமும் வழி கேட்கவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு தீவிபத்து நாளில், இதே பாதையில் தீயணைப்பு வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்து வந்தவர் அவர்.

பக்கத்தில் ருமைசா அந்தத் தீவிபத்தின் கோப்பை மடியில் வைத்திருந்தாள். பழைய அறிக்கைகளைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவதற்காக மூன்று மாதங்களுக்கு முன் நிலையத்துக்கு வந்தவள். வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, தீ எந்த அறையில் தொடங்கியது, யாருக்கு என்ன ஆனது என்று எல்லாவற்றையும் இடத்துக்கே போய் விசாரித்துத்தான் பதிவாள். கணக்கு தப்பாக இருந்தால் அடுத்த வண்டியைத் தப்பான இடத்தில்தான் நிறுத்தி வைப்போம் என்பாள். இராஜமாணிக்கத்துக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் இந்த ஒரு கோப்பை மட்டும் இரண்டு முறை கட்டுக்கு அடியில் செருகி வைத்தார். மூன்றாவது முறை அவளே அதை உருவி எடுத்துவிட்டாள்.

அறிக்கையின் கடைசி வரி அவருடைய கையெழுத்தில் இருந்தது.

உயிர்ச்சேதம் இல்லை.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் ஆறு வீடுகள். கூரையும் கதவும் சன்னலும் போய்ச் சுவர்கள் மட்டும் நின்றன. வீடுகளுக்குள் பன்னச் செடிகளும் காட்டுக்கொடியும் மண்டியிருந்தன. வேனின் இன்ஜினை நிறுத்தியதும் எல்லாம் அடங்கிப்போனது. செம்பனைத் தோட்டத்தில் எப்போதும் கேட்கும் பூச்சிச் சத்தம்கூட இல்லை.

ருமைசா மூக்கைச் சுளித்தாள். "யாரோ குப்பை எரிக்கிறாங்களா அண்ணே?"

அவருக்கும் அந்த வாசனை வந்தது. குப்பை வாசனை அல்ல. தீயை அணைத்த மறுநிமிடம் வீட்டுக்குள் எழும்புமே, நனைந்த கரியும் வெந்த துணியும் கலந்த வாசனை, அது. பதினோரு வருடத்து மழை கழுவிய சுவரிலிருந்து அது வர வழியில்லை.

அவள் ஒவ்வொரு வீடாக நுழைந்து அளந்தாள். படம் எடுத்தாள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். நான்காவது வீட்டிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். எல்லா அறைகளையும் திறந்து தேடியதாக அறிக்கையில் இருக்கிறதே, பின்னறையையும் தேடினீர்களா என்று கேட்டாள்.

தேடினோம் என்றார்.

டக். டக். டக்.

விரல் முட்டியால் பலகையைத் தட்டும் ஓசை. பின்னறைப் பக்கமிருந்து.

ருமைசா திரும்பிப் பார்த்தாள். பின்னறைக்கு வாசல் இருந்தது.

கதவு இல்லை.

மீண்டும் மூன்று தட்டல். இந்த முறை வேகமாக.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "உள்ள ஆள் இருக்கு."

இராஜமாணிக்கத்தின் கால்கள் தாமாகவே நடந்தன. அவருக்குத் தெரிந்த ஓசை அது. அன்று புகைக்குள் முழந்தாளிட்டு ஊர்ந்து இதே இடம் வரை வந்திருந்தார். தீ இரைந்த இரைச்சலுக்கு நடுவே மூன்று தட்டல் கேட்டது. கூரைத் தகரம் சூட்டில் நெளிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெளியே கூடியிருந்தவர்களும் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றே சொல்லியிருந்தார்கள். உத்திரம் முறியும் நிலையில் இருந்தது. தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அன்று மாலையே அறிக்கை எழுதினார்.

மறுநாள் காலை நிலையத்துக்கு ஒரு பெண் போன் செய்தாள். பின்னறையில் ஒரு கிழவர் கிடக்கிறார், கரிக்கட்டையாக, என்றாள். போனை எடுத்தவர் அவர்தான். வருகிறேன் என்றார்.

போகவில்லை.

பின்னறை வாசலில் கதவு இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில் புறங்கையை நீட்டினார். மூடிய கதவைத் திறப்பதற்கு முன் சூடு பார்க்கும் பழக்கம், முப்பது வருடப் பழக்கம். பலகையில் பட்டது போலக் கை அந்தரத்தில் நின்றது.

சுட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து, முகத்துக்கு மிக அருகில், வறண்ட குரல் ஒன்று சொன்னது: "தொறப்பா."

ருமைசாதான் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். வேனுக்குப் பக்கத்தில் அவர் ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார். புறங்கையில் நான்கு விரல் முட்டிகளும் கொப்பளித்திருந்தன. அவராகவே சொன்னார். தட்டல் கேட்டதை, போன் வந்ததை, போகாததை. எல்லா அறைகளையும் தேடியதாக எழுதியது பொய் என்பது வெளியே வந்துவிடும் என்று பயந்ததை. சொல்லி முடிக்கும் வரை அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன் பண்ணவங்க யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

பெயர் அவருக்கு மறந்திருக்கவில்லை. வள்ளிநாயகி.

லயத்து ஆட்களைப் பெயர்த்துக் குடியமர்த்திய மலிவு விலை வீடுகள் இரண்டு மைல் தொலைவில் இருந்தன. வள்ளிநாயகிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். சீருடையைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றாள். இராஜமாணிக்கம் தன் பெயரைச் சொன்னார். அந்தக் குரலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வர்றேன்னு சொன்னீங்களே சார்."

வாசற்படிக்குக் கீழேயே தலைகுனிந்து நின்றார். கத்தியிருந்தால், திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டாள்.

கிழவரின் பெயர் நல்லசாமி. ரப்பர் பால் வெட்டிய காலத்திலிருந்து அந்தத் தோட்டத்திலேயே கிடந்தவர். ஐசி என்கிற அடையாள அட்டை கிடையாது, சொந்தம் யாரும் கிடையாது. கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, ரோட்டுப் பக்கம் நடந்து போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரியான வள்ளிநாயகிதான் சோறு போட்டாள். அன்று அவரை அவர் வீட்டுப் பின்னறையில் விட்டு வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனவள் மறுநாள் காலைதான் திரும்பினாள். பூட்டியது வேறு யாருக்கும் தெரியாது. தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னபோது, தீயணைக்கிற பொம்பாவே ஆள் இல்லைன்னு எழுதிட்டாங்க, சத்தமில்லாம பொதைச்சிடுங்க என்றார்களாம்.

"பூட்டுனது நானு," என்றாள். "சாவி என் இடுப்புல இருந்துச்சு. நீங்க வந்து கேட்டிருந்தா அதையாவது சொல்லியிருப்பேன்."



ருமைசா அங்கேயே பதிவைத் திருத்தினாள். பழைய படிவத்தில் ஐசி எண் இல்லாத ஆளை எழுத இடமே கிடையாது. புதியதில் அவள் கேட்டு வாங்கிச் சேர்த்த ஒரு கட்டம் இருந்தது: ஆவணமற்றவர். இறந்தவர் ஒருவர், பெயர் நல்லசாமி. திருத்தத்துக்கான காரணத்தை இராஜமாணிக்கமே எழுதினார். ஓசை கேட்டும் கதவைத் திறக்கவில்லை, தகவல் வந்தும் மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன்மீது தொடங்கிய துறை விசாரணை இன்னும் முடியவில்லை. நிலையத்தில் யாரும் அவரை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். விசாரணை முடியும் வரை தீக்குள் அனுப்பாமல் வெளியே கணக்கெடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். உள்ளே போகிறவர்களின் பெயரைப் பலகையில் குறித்து, திரும்பி வரும்போது எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

போன வாரம், காலை பத்து மணிக்கு, மந்தின் ஊரில் ஒரு மெத்தைக் கடை எரிந்தது. நான்கு பேர் உள்ளே போனார்கள். நான்கு பெயர்களைக் குறித்தார். இருபது நிமிடத்தில் தீ அடங்கியது. வெளியே வந்தவர்கள் பெயர் கொடுப்பதற்காக அவர் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். சக ஊழியர்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு இப்போதெல்லாம் அவர் தலைநிமிர்வதில்லை. கால்களைப் பார்த்தே எண்ணுவார்.

ஒரு ஜோடி பூட்ஸ். இரண்டு. மூன்று. நான்கு.

எழுதி முடித்துப் பலகையை மூடப் போனார்.

நான்காவது ஜோடிக்குப் பின்னால், ஈரச் சிமெண்டுத் தரையில், இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. கரிந்த கால்கள்.

அவை நகரவில்லை. பெயர் எழுதுவதற்காகக் காத்து நின்றன.