அரை ஏக்கர் க்ளோவர்

லின்னியா ஐந்தே முக்காலுக்கு எழுந்தாள். பல் தேய்த்தாள். கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு ஏழு முட்டைகளை எடுத்து வந்தாள். அப்பா ஆர்விட் காபி போட்டார். இரண்டு கிண்ணங்களில் ஓட்ஸ் கஞ்சி ஊற்றினார். மதியம் இரண்டு மணிக்கு மேல் கனமழை என்றது ரேடியோ. இருவரும் சாப்பிட்டார்கள். லின்னியா கிண்ணங்களைக் கழுவி வைத்தாள்.

"மழைக்கு முன்னாடி விதைச்சாகணும்," என்றார் அப்பா.

"இந்தத் தடவ ஆழமாப் புதைக்க மாட்டீங்கல்ல?"

"போன வருஷத்த எத்தன தடவ சொல்லிக் காட்டுவ?"

"முளைக்கிற வரைக்கும்."

போன வருடம் அப்பா மக்காச்சோளத்துக்குச் செய்வதைப் போலவே செய்துவிட்டார். விதையைத் தூவி, அதன் மேல் உழுதுவிட்டார். க்ளோவர் விதை கடுகைவிடச் சிறியது. அவ்வளவு ஆழத்திலிருந்து அதனால் மேலே வர முடியவில்லை. களைதான் வந்தது.

க்ளோவர் என்ற அந்தத் தீவனச் செடி மான்களுக்காக. காட்டிலிருந்து வரும் மான்கள் சாலையைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கம் மிஸஸ் ஸ்டைனரின் ஆப்பிள் கன்றுகளைக் கடித்தன. நாற்பது கன்றுகளில் பதினொன்று பட்டுப்போய்விட்டன. மான்களைச் சுட அனுமதி கேட்கும் படிவத்தை அவர் வாங்கி வைத்துவிட்டார்.

"உங்க பக்கமே தீனி இருந்தா அதுங்க ஏன் ரோட்டத் தாண்டப் போகுது?" என்று கேட்டிருந்தார். "ஜூன் முடியற வரைக்கும் பாப்பேன். அப்புறம் படிவத்த அனுப்பிடுவேன்."

நிலம் தயாராக இருந்தது. மண்ணில் அமிலம் அதிகம் என்று சோதனையில் வந்ததால், இலையுதிர் காலத்திலேயே சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தார்கள். பனி உருகியதும் உழுது, கட்டிகளை உடைத்து, வாரிச் சமன் செய்திருந்தார்கள்.

அப்பா விதைப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றி விதையைத் தூவியபடி நடந்தார். பத்து மணிக்கு விதைப்பு முடிந்தது. இனி இரும்பு உருளையை டிராக்டரில் கட்டி இழுத்து, விதையை மண்ணோடு அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

உருளை இருபது அடி போனது. பிறகு அதன் அச்சு முறிந்தது.

அப்பா இறங்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"கட திங்கக்கெழமதான் தொறக்கும்," என்றார்.

"அப்படியே விட்டா?"

"மண்ணு பொலபொலன்னு இருக்கு. மழை மொத்த விதையையும் அடிச்சிட்டுப் போய் வாய்க்கால்ல போட்டுடும்."

லின்னியா குனிந்து பார்த்தாள். விதைகள் மண் மேல் தளர்வாகக் கிடந்தன. ஊதினால் உருண்டன. அப்பா நடந்து வந்த இடத்தில் மட்டும் அப்படி இல்லை. பூட்ஸ் தடத்துக்குள் விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் ஊதிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

"மிதிச்சாப் போதும்ப்பா."

"அரை ஏக்கர். ரெண்டு பேரு. நாலு காலு."

சாலைக்கு அந்தப் பக்கம் மிஸஸ் ஸ்டைனரின் செம்மறி ஆடுகள் கத்தின. லின்னியா நிமிர்ந்து எண்ணினாள். நாற்பத்திரண்டு ஆடுகள். அப்பாவிடம் கேட்காமலேயே சாலையைக் கடந்தாள்.

மிஸஸ் ஸ்டைனர் வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். லின்னியா சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"மானுக்கு விருந்து வைக்க என் ஆடு வந்து வேல செய்யணுமா?"

"மானுக்கு இல்ல, மிஸஸ் ஸ்டைனர். உங்க கன்னுங்களுக்கு. மீதி இருபத்தொம்பதுக்கு."

"எண்ணி வச்சிருக்கியா?"

"தினமும் ஸ்கூல் பஸ்ஸுலருந்து பாக்குறேனே."

மிஸஸ் ஸ்டைனர் இடுக்கியைப் பையில் போட்டார். "வெதையத் தின்னுடாதா?"

"கடுகவிடச் சின்னது. அதுங்களுக்குக் கண்ணுலயே படாது."

"அதுங்க வரிசையா நடக்காது, பாத்துக்கோ. ஆட்ட ஓட்டுற நாயும் கெழடாயிடுச்சு. தலை போற எடத்துக்குத்தான் ஒடம்பும் போகும்."

"தலை எங்க போகும்?"

மிஸஸ் ஸ்டைனர் ஒரு வாளியில் ஓட்ஸ் தானியத்தைப் போட்டு நீட்டினார். "இது எங்க போகுதோ, அங்க. குடுத்துடாத. குடுத்துட்டா அப்புறம் உன்ன யாரும் மதிக்க மாட்டாங்க."

அப்பா தன் வண்டியைச் சாலையின் குறுக்கே நிறுத்தி விளக்குகளை மின்னவிட்டார். ஆடுகள் கடந்தன.

லின்னியா வாளியைக் குலுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நாற்பத்திரண்டு ஆடுகளும் பின்னால் ஓடின. நிலத்தின் கோடிவரை போனாள். திரும்பினாள். மறுபடி போனாள். பெரிய ஆடு ஒன்று அவள் இடுப்பில் முட்டியது. அவள் விழுந்தாள். வாளியை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிபட்டுச்சா?" என்று வேலியிலிருந்து அப்பா கேட்டார்.

"இல்ல. ஆனா எம் மேலயும் நல்லா மிதிச்சாச்சு. நானும் முளைச்சிடுவேன்."

அப்பா சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

வடக்கு மூலை மிச்சமிருந்தபோது முதல் தூறல் விழுந்தது. லின்னியா ஓடினாள். ஆடுகளும் ஓடின. மூலை முடிந்ததும், சாலைக்கு அந்தப் பக்கம் போய் வாளியைக் கவிழ்த்தாள். ஒரு நிமிடத்தில் தானியம் காலி. பிறகு மழை கொட்டியது.

மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. லின்னியா ஒரு கை அள்ளிப் பார்த்தாள். விதை இல்லை.

ஒன்பதாம் நாள் குளம்புத் தடங்களுக்குள் பச்சை தெரிந்தது. பிறகு தடம் இல்லாத இடத்திலும் தெரிந்தது. வடக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் திட்டுத் திட்டாக இருந்தது.

ஜூன் கடைசி சனிக்கிழமை மாலை, க்ளோவர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. மூன்று மான்களும் ஒரு குட்டியும் அதில் தலையைக் கவிழ்த்து நின்றன. மிஸஸ் ஸ்டைனர் சாலையைக் கடந்து வந்து லின்னியாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இந்த ரெண்டு வாரமா ஒரு கன்னையும் கடிக்கல," என்றார்.

"தெரியும். இருபத்தொம்பது."

"படிவத்த அனுப்பல. ஆனா கிழிச்சுப் போடவும் மாட்டேன். அலமாரியில இருக்கும்."



"இருக்கட்டும், மிஸஸ் ஸ்டைனர். எங்க அலமாரியிலயும் ஒரு பை வெத மிச்சம் இருக்கு."