தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

பம்மலில் அன்று மாதாந்திர மின்தடை. காலை பதினோரு மணிக்கே அந்த அடுக்குமாடியின் படிக்கட்டு இருண்டு கிடந்தது. குழந்தைகள் உதவி எண்ணில் வேலை பார்க்கும் தனம், செல்போன் வெளிச்சத்தில் இரண்டாவது மாடிக்கு ஏறினாள். சுவரெல்லாம் ஈரச் சுண்ணாம்பு நாற்றம். இந்தப் படிகளை அவள் ஏறுவது இரண்டாம் முறை. முதல் முறை வந்தது ஐந்து வருடம் முன்பு, வேறொரு குடும்பத்துக்காக. செல்போன் வெளிச்சத்தில் வீட்டு எண்ணை இன்னொரு முறை பார்த்தாள்.

அதே வீடு.

ஹரிபிரசாத் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் கதவைத் திறந்தான். "வாங்க மேடம். எவனோ வேலையில்லாதவன் கம்ப்ளைன்ட் பண்ணியிருக்கான். நாங்க டீசன்ட் ஃபேமிலி."

ஃபேன் ஓடாத மே மாதப் புழுக்கத்தில் அவன் மனைவி ப்ரியா முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். உதடு வீங்கியிருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் மேடம்" என்றாள், யாரும் கேட்காமலே. தனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் பாத்ரூம்கள் பெண்களை மட்டும்தான் வழுக்கிவிடுமா?

"பாப்பாகிட்ட தனியா பேசணும்."

"என் முன்னாடியே கேளுங்க மேடம். அவ என்கிட்ட எதையும் மறைக்க மாட்டா."

"தனியாத்தான் சார்."

உள்ளறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாளைக் கழற்றிய இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. தனம் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ஏழு வயதுச் சின்மயியின் எதிரே தரையில் அமர்ந்தாள்.

"அப்பா அம்மா சண்டை போட்டா நீ இன்னா பண்ணுவே கண்ணு?"

"அக்கா என்னைக் கட்டிலுக்கு அடியில கூட்டிட்டுப் போயிடுவாங்க."

குழந்தைகள் உதவி எண் பெண்களை எல்லாப் பிள்ளைகளும் அக்கா என்றுதான் கூப்பிடும். ஆபீஸிலிருந்து வேறு யாரோ முன்பே வந்துபோயிருக்கிறார்கள் என்று தனம் நினைத்தாள். "எந்த அக்கா? என்னை மாதிரி பை மாட்டிக்கினு வந்தாங்களா?"

"இல்ல. இங்கயே இருக்கற அக்கா. ஜன்னல் கிட்ட மட்டும் போகாதேன்னு சொன்னாங்க."

அறையில் திடீரென்று தேங்காய் எண்ணெய் வாசனை எழுந்தது. பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்கு இறுக்கிப் பின்னிய தலையின் வாசனை.

சின்மயி அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துத் தலையாட்டினாள். யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.

"அக்கா உங்களை ஒண்ணு கேக்கறாங்க."

"இன்னா?"

குழந்தை குரலைத் தாழ்த்தியது. "'என்னை மட்டும் ஏன் எங்கப்பா முன்னாடி வெச்சுக் கேட்டீங்க'ன்னு."

தனம் திரும்பிப் பார்க்கவில்லை.

முடியவில்லை.

ஐந்து வருடம் முன்பு இந்த வீட்டில் இருந்த ஜான்சி. ஒன்பது வயது. அன்று தனத்துக்கு இன்னும் மூன்று வீடுகள் பாக்கி. அப்பன் சோபாவில் உட்கார்ந்திருக்க, அவன் கண்ணெதிரே கேட்டாள். "ஒண்ணும் இல்லக்கா" என்றது பிள்ளை. படிவத்தில் 'சமரசம்' என்று எழுதிவிட்டு இறங்கிப்போனாள். அடுத்த மாதம் ஒரு சண்டையில், ஒளிய இடமில்லாமல், அப்போது கம்பி வைக்காத இந்த ஜன்னல் வழியே அது சன்ஷேடில் இறங்கி நின்றது. அங்கிருந்து விழுந்து செத்துப்போனது. விளையாடப் போய் விழுந்துவிட்டாள் என்றான் அப்பன். டிவி சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தார்.

ஹாலில் பளார் என்று ஓர் அறை விழுந்தது.

"என்னடி சொல்லிக் குடுத்திருக்கே அவளுக்கு?"

சின்மயி சத்தமில்லாமல் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு அதில் எத்தனை பழக்கம்! அந்தப் பழக்கத்தைப் பார்த்ததும் தனத்தின் பயமெல்லாம் கோபமாகத் திரண்டது. அவன் மேல், அந்தக் கட்டடத்தின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல்.

"போதும் மேடம், கதவைத் திறங்க!" ஹரிபிரசாத் தள்ளினான்.

கதவு அசையவில்லை.

உதைத்தான்.

அசையவில்லை.

தனம் கட்டிலருகேதான் நின்றிருந்தாள். கதவின் மரத்தில், அவள் இடுப்பு உயரத்தில், இரண்டு சின்ன உள்ளங்கைகளின் ஈரம் மெல்லப் படர்ந்தது.

"ப்ரியா!" தனம் கத்தினாள். "பாப்பாவைக் கூட்டிக்கினு இப்பவே கிளம்பிடலாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்!"

கட்டடம் முழுக்கக் கேட்கும்படி ப்ரியாவின் குரல் வந்தது.

"நான் வழுக்கி விழல மேடம்! இவர்தான் அடிச்சார்! என் பொண்ணை வெளியில கூட்டிட்டு வாங்க!"

கதவு தானாகத் திறந்தது. ஹரிபிரசாத் உள்ளே எதைப் பார்த்தானோ, சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டான்.

மூவரும் இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் ஒருக்களித்தன. "கரண்ட் இல்லன்னா எல்லாருக்கும் நல்லாத்தான் காது கேக்குது, இல்ல?" என்றாள் தனம். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றே புகார் பதிவானது. அம்மாவும் பெண்ணும் காப்பகத்தில் பத்திரமாகத் தூங்கினார்கள். மறுநாள் மாலை அவனைப் பிடிக்கப் போவதாகப் போலீஸ் சொல்லியிருந்தது. அதற்கு முன்பே, மத்தியானம் மூன்று மணிக்கு, தாம்பரம் ஆபீஸில் போன் அடித்தது.

"மேடம்... நான்தான்... ஹரிபிரசாத்." மூச்சு இரைத்தது. "உள் ரூம்ல மாட்டிக்கிட்டேன். கதவு திறக்க மாட்டேங்குது. யாரையாவது அனுப்புங்க."

யார் அழைத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தனம் அதை நிதானமாகக் கேட்டாள். "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல மேடம். நான் தனியாத்தான்..."

அவன் முடிப்பதற்குள், அவன் வாய்க்கு வெகு அருகிலிருந்து, இன்னொரு குரல் பேசியது.

"இல்லக்கா. நான் இருக்கேன்."