ஈரத் தோலில் இன்பம்

படத்தில் இருந்த சிறுமியின் இடது கை நேற்று தொடையை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று காலை பார்த்தால், தொடைக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி. ஞானசீலன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தான். இடைவெளி அப்படியே இருந்தது. தான் எழுதிய கோடு எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

ஆம்பூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவன் டிராயிங் வாத்தியார். பிள்ளைகளுக்குப் பூச்சாடியும் மாங்காயும் எழுதச் சொல்லிக்கொடுப்பான். வீட்டுக்கு வந்தால் மனித உடம்பைத் தவிர வேறெதையும் எழுத மாட்டான். ஏழு வயதில், பாலாற்றில் குளிக்கிறவர்களின் முதுகைப் பார்த்துப் பார்த்து மணலில் விரலால் கோடு இழுத்தபோது பிடித்த பைத்தியம் அது. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் எப்படிச் சரிகிறது, குடம் சுமக்கிறவளுக்கு இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, முப்பது வருஷமாக இதே யோசனைதான். முகத்தில் மட்டும் அவனுக்கு ருசி கிடையாது. எல்லா முகமும் ஒரு முட்டைதான் என்பான்; இரண்டு கோட்டில் முடித்துவிடுவான். அவன் மனைவி ஜெபராணி வேலூரில் நர்ஸ். சனிக்கிழமை சனிக்கிழமை ரயிலேறி வருவாள். "பெத்த பொண்ணுக்கு மச்சம் எந்தக் கன்னத்துலன்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஒரு தடவை கேட்டாள். அவன் சிரித்து மழுப்பிவிட்டான்.

ஆளுயரத்துக்கு ஒரு படம் எழுத வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அவ்வளவு பெரிய காகிதத்துக்கு எங்கே போவது? பக்கத்துத் தெரு அப்துல் வஹீத் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. அவரைக் கேட்டு, சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் வழித்த பெரிய கன்றுத்தோல் ஒன்றை வாங்கிவந்து, கூடத்தில் மரச்சட்டத்தில் கயிறு போட்டு இழுத்துக் கட்டினான். காயும்வரை பொறுக்க முடியவில்லை. சொட்டச் சொட்ட அதன் மேலேயே விளக்குமையால் எழுதினான். ஒன்பது வயது மகள் இன்பத்தை எதிரே நிறுத்தி, அவள் உயரத்துக்கே, தலை முதல் கால் வரை. இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றாள், பாவம். தோளில் இருந்து முழங்கைக்கு இறங்கிய ஒரு கோடு அப்படி விழுந்திருந்தது. அதைப் பார்த்து அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

காலையிலேயே வஹீதைத் தேடிப் போய், ஷாப்பில் அவர் கைவேலை முடியும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னான். அவர் வெற்றிலையை மென்றபடி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஈரத்தோல்ல யாராவது எழுதுவாங்களா வாத்தியாரே? காயக் காய இழுக்கும். கத்திரி வெயிலு வேற ஜாஸ்தி. கயித்தத் தளத்தி உடுங்க. இல்லாட்டி சாயங்காலத்துக்குள்ள கிழிஞ்சிடும்."

அப்பாடா என்றிருந்தது. தோல் இழுக்கிறது, கோடு நகர்கிறது, அவ்வளவுதானே! பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வெறிச்சோடிக் கிடந்த தெரு வழியே, காய்கிற தோல்களின் வாடையும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பும் மூக்கில் ஏற, தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். உச்சிவெயில் கூடத்து முற்றத்தில் வெள்ளையாக விழுந்திருந்தது. கயிறுகள் மெல்ல முனகின. கிர்ர். கொஞ்சம் நிறுத்தி மறுபடி, கிர்ர்.

உள்ளறையில் இன்பம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கை உடம்பிலிருந்து விலகி அந்தரத்தில் நின்றது.

"கை கீழ வரமாட்டேங்குதுப்பா. யாரோ புடிச்சி இழுக்கறாங்க."

விளையாடாதே என்று அதட்டி அந்தக் கையைப் பிடித்து அழுத்தினான். மூங்கில் கழி போல் விறைத்திருந்தது. விட்டதும் பழைய இடத்துக்கே போய் நின்றது. திரும்பிக் கூடத்தைப் பார்த்தான். படத்திலும் கை அதே உயரத்தில் நின்றது. இப்போது நடுவே ஒரு தலையே நுழையும்.

கிர்ர்.

"அம்மா!" என்றாள் உள்ளே இன்பம்.

ஓடிப்போய்க் கீழ் மூலைக் கயிறு ஒன்றை அவிழ்த்தான். தோல் அந்த மூலையில் சரேலென்று சுருண்டது. உள்ளேயிருந்து வந்த அலறலை அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். போய்ப் பார்த்தால், அவள் பாதம் விரல்களோடு உள்பக்கமாக மடங்கிக்கிடந்தது. கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினான். பாதம் விரிந்தது. யேசுவே, யேசுவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

தண்ணீர்! கிணற்றில் வாரக்கணக்காகச் சேறுதான். வீட்டில் ஒரே ஒரு குடம் இருந்தது. துண்டை நனைத்துப் படத்தின் முழங்கையில் ஒற்றினான். தோல் இளகியது. மை கரைந்து கறுப்பாக வழிந்தது.

"வலி போயிடுச்சிப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "முழங்கையே இல்லாத மாதிரி இருக்குப்பா" என்றாள்.

இரண்டாவது சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் இருந்து இறங்கி வந்த கோடு பாதியில் அழிந்துபோயிருந்தது. மீதி உடம்பு, தோல் இழுத்த இழுப்பில், நேற்றைவிட அழகாக நின்றது. எக்கிய விலா, திமிறும் தோள். முப்பது வருஷமாக அவன் தேடின உயிர் அதில் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் அத்தனையும் போய்விடும். ஊற்று, பாவி, ஊற்று என்று மனசு கத்தியது. குடத்தைப் பிடித்த கை நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்கே தெரியாது.

படத்தின் கழுத்தோரம் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது.

உள்ளே தட்டு உருளும் சத்தம் கேட்டது.

குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தான். உச்சந்தலையிலிருந்து ஊற்றினான். இரண்டே கோட்டில் எழுதிய முகம்தான் முதலில் போனது. கண் கரைந்தது. மூக்கு. வாய். கறுப்பு நீர் தோள்வரை இறங்கியது. குடம் காலி. கயிறுகள் தொய்ந்தன. கீறல் மூடிக்கொண்டது.

"இன்பம்?"



சுவரைத் தடவிக்கொண்டு வரும் சத்தம். உள்ளறை வாசற்படியில் வந்து நின்றாள். கை இறங்கியிருந்தது, முழங்கைக்குக் கீழே துணியாக ஆடியது. மோவாயிலிருந்து கறுப்பாகச் சொட்டியது.

மோவாய்க்கு மேலே ஒன்றும் இல்லை.

முட்டை.

தரையைத் துழாவினாள். நேற்று அவன் வைத்த மைக்கிண்ணத்தில் கிடந்த தூரிகை கையில் பட்டது. எடுத்து, அவன் நிற்கும் பக்கமாக நீட்டினாள். சின்ன மார்பு வேகவேகமாக ஏறி இறங்கியது. காற்று போக வழியில்லை.

வாங்கிக்கொண்டான். படத்தின் முன்னால் நின்றான். தூரிகையைத் தூக்கினான். அவள் வாய் எப்படி இருக்கும்? மூக்கு? மச்சம் வலமா, இடமா?

கிர்ர்.

பின்னால், அவள் வாய் இருந்த இடத்தில், மழமழவென்ற தோல் உள்ளே குழிந்தது. வெளியே வந்தது. மறுபடி குழிந்தது.