வைத்தவர் கையில்

ஞாயிறு நண்பகலுக்கு இன்னும் இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது. அதற்குள் லோர்னா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம், வயோமிங்கில், அந்த வீடு அவர்களுடையது. போடாவிட்டால் தனியாகக் கிளம்பிவிடுவதாகக் கணவன் வேட் சொல்லியிருந்தான். கோபத்தில் சொல்லவில்லை. பல் தேய்த்துக்கொண்டே சொன்னான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுப்பில் மான்கறி சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. வேட் கார் ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தான். தோட்டாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்குவான். பாதியில் விட்டுவிட்டு வந்து காபி ஊற்றிக்கொள்வான். குடிக்காமல் திரும்பப் போவான். போகிற இடமெல்லாம் கோப்பைகள் ஆறிக் கிடந்தன. பின்னாலேயே போய்ப் போய்ச் சலித்த நாய் கதவோரம் படுத்துவிட்டது.

அவன் சொல்வதில் நியாயம் இல்லை என்று லோர்னா ஒருநாளும் நினைத்ததில்லை. அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான். அப்பாவோடு பனியில் படுத்துக் காத்திருந்து முதல் மானைச் சுட்டவள். கொலராடோவின் சட்டங்களை இப்போது எழுதுவது மலைக்கு அந்தப் பக்கத்து நகரங்கள். முதலில் துப்பாக்கியில் ஒரு தடவைக்கு இத்தனை தோட்டாதான் என்று அளவு வைத்தார்கள். பிறகு, வாங்கினால் கையில் கிடைக்கக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இப்போது சில வகைத் துப்பாக்கிகளுக்கு வகுப்பில் உட்கார்ந்து அனுமதி வாங்க வேண்டுமாம். அடுத்த வருஷம் என்னவென்று யாருக்கும் தெரியாது. “நம்மள யாராவது ஒரு வார்த்த கேட்டாங்களா?” என்று வேட் கேட்கும்போதெல்லாம் அவளும் தலையாட்டியிருக்கிறாள்.

மாநிலத்தை விட்டுப் போவது அவளுக்குக் கஷ்டமில்லை. அந்த வீட்டுக்குப் போவதுதான் கஷ்டம். சுற்றிலும் பன்னிரண்டு மைலுக்கு ஆள் கிடையாது. வேட் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வருவான். அவள் பள்ளிக்கூடத்துச் சமையலறை வேலைக்குப் போய்விட்டால், மாமனார் எமெட் பகல் முழுக்கத் தனியாக இருப்பார். அந்த வீட்டில் பழைய சொந்தக்காரர் கட்டிய துப்பாக்கி அறை ஒன்று உண்டு. சுவர் நீளத்துக்கு மரச்சட்டம். கதவு இல்லை, பூட்டு இல்லை. வேட் அந்த வீட்டை விரும்பியதே அதற்காகத்தான். “அங்க எதையும் பூட்டி வெக்க வேண்டாம்” என்று சின்னப் பையன் மாதிரி சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான்.

வேற வீடு பார்ப்போம், ஊருக்குள் பார்ப்போம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். காரணம் கேட்டான். அவளால் சொல்ல முடியவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாள்.

டார்லா வந்ததும் வீடு இன்னும் சிறுத்துப் போனது. வேட்டின் அக்கா; இரண்டு தெரு தள்ளி இருப்பவள். சாமான் கட்ட உதவி செய்வதாக வந்தாள். பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டே தம்பி மனைவியைக் குத்திக்கொண்டிருந்தாள். கையெழுத்து என்ன, ராசியான நாளுக்குக் காத்திருக்கிறதா என்றாள். நகரத்துக்காரர்கள் இவளைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள், போய் அவர்களோடு ஒரு கொடி பிடிக்கட்டும் என்றாள். லோர்னா முட்டையைத் திருப்பிப் போட்டாள்.

“பேச மாட்டாளே. எங்க தாத்தா ரைஃபிள வித்தப்ப மட்டும் யாரையும் கேக்காம வித்தா,” என்றாள் டார்லா.

அதுதான் அந்த வீட்டில் ஆறாத புண். எமெட்டின் அப்பா விட்டுப்போன ரைஃபிள். கட்டைப் பிடியில் ஆணியால் கீறிய மூன்று தலைமுறைப் பெயரெழுத்துகள். கடைசி எழுத்து வேட்டுடையது, பன்னிரண்டு வயதில் கீறியது. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில், வேட்டின் அம்மா இறந்த கொஞ்ச நாளில், அது இரும்புப் பெட்டகத்தில் இல்லை. விற்றுவிட்டதாக லோர்னா சொன்னாள். அதோடு நிற்கவில்லை. பெட்டகத்தின் பூட்டு எண்ணையும் மாற்றி, எமெட்டுக்குச் சொல்லாமல் வேட்டிடம் மட்டும் சொன்னாள். தன்னைப் பெற்ற அப்பனையே திருடனாக்கிவிட்டாள் என்று டார்லா ஊரெல்லாம் சொல்லி அழுதாள். அன்றிலிருந்து வேட் மனைவியோடு பேசுவான், சிரிக்க மாட்டான்.

எமெட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சாசேஜைத் தொடவில்லை. மகள் பேசப் பேச, விரல் நகத்தால் காபி டப்பாவின் தாளை உரித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை வாயைத் திறந்தார். லோர்னா அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

“டார்லா, போதும்,” என்றான் வேட். பிறகு மனைவியிடம், குரலை உயர்த்தாமல், “உனக்கு இதெல்லாம் பிடிக்காமப் போச்சுன்னா நேரா சொல்லிடு, லோர்னா. நீ அவங்க பக்கம்னு தெரிஞ்சாக்கூட நான் தாங்கிப்பேன். ஒண்ணுமே சொல்லாம என்னைச் சுத்த விடுறியே... அதத்தான் தாங்க முடியல.”

“நான் உன் பக்கம்தான்.”

“அப்போ போடு கையெழுத்த.”

அவள் கையைத் துணியில் துடைத்தாள். மேசையில் காகிதம் இருந்தது, பேனாவும் இருந்தது. எடுத்தாள். பிறகு எமெட்டின் கைகளைப் பார்த்தாள், கீழே வைத்துவிட்டாள். வேட் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனான்.

அப்போதுதான் ஹோலிஸின் வண்டி வந்து நின்றது. லோர்னா வாசலுக்கு வந்தாள்.

ஹோலிஸ் ஊரின் துப்பாக்கிக்கடைக்காரர். செவ்வாய்க்கிழமைதோறும் எமெட் அந்தக் கடையில்தான் காபி குடிப்பார். வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு நீளமான உறையை எடுத்துக்கொண்டு ஹோலிஸ் படியேறினார். கடையை மூடுவதாகச் சொன்னார். புது விதிகள், புதுக் கட்டணம், கேமரா... இந்த வயதில் தன்னால் முடியாதென்றார். மொன்டானாவில் மகனிடம் போகிறாராம். போவதற்குள் கடையில் மற்றவர்கள் பத்திரத்துக்கு வைத்துப்போன பொருள்களை எல்லாம் திருப்பித் தந்துகொண்டிருக்கிறாராம்.

உறையின் முனை லேசாகத் திறந்திருந்தது. கட்டைப் பிடியில் கீறிய எழுத்தை வேட் பார்த்தான்.

“அது எங்களுது,” என்றான். வார்த்தை சரியாக வரவில்லை. “நீங்க... நீங்களா வாங்குனீங்க?”

“நான் எதுவும் வாங்கல. வெச்சிருந்தேன்.”

வேட் கை நீட்டினான். ஹோலிஸ் ஓர் அடி பின்னால் போனார்.

“உன்கிட்ட தர முடியாது, வேட். வெச்சவங்க கையிலதான் திருப்பித் தருவேன். இத்தன வருஷத்துல நான் மாத்தாத பழக்கம் அது ஒண்ணுதான்.”

“அப்போ அவகிட்ட குடுங்க.” வேட் லோர்னாவைக் காட்டினான்.

ஹோலிஸ் லோர்னாவைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்று அவர் நினைத்திருந்தது அந்தப் பார்வையிலேயே புரிந்தது.

“அவ வண்டி ஓட்டிட்டு வந்தா. அவ்வளவுதான்,” என்றார் மெல்ல. “வெச்சது அவ இல்ல.”

சமையலறையில் நாற்காலி நகர்ந்தது. எமெட் எழுந்து வந்தார். வாசல்வரை வர அவருக்கு நேரமாயிற்று. லோர்னா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“வேண்டாம் அப்பா... நீங்க உக்காருங்க. நானே ஏதாவது சொல்லிக்கிறேன்.”

“நீ சொன்னதெல்லாம் போதும்மா.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உறையைத் தொடவில்லை.

“உன்கிட்டயே இருக்கட்டும், ஹோலிஸ். மொன்டானாவுக்கு எடுத்துட்டுப் போ. எனக்கு அது இந்த வீட்டுல வேண்டாம்.” பிறகு மகனைப் பார்த்தார். “இவ விக்கல, வேட். வித்ததா சொல்லச் சொன்னது நான். பெட்டக நம்பர எனக்குத் தெரியாம மாத்தச் சொன்னதும் நான். டாக்டர்கிட்ட போகலாம்னு கால்ல விழாத குறையா கெஞ்சினா. நான்தான் சத்தியம் வாங்கினேன். வெளிய தெரிஞ்சா, இப்படிப்பட்டவன் இருக்கற வீட்டுல துப்பாக்கி இருக்கக் கூடாதுன்னு கோர்ட்டு, ஷெரிஃப்னு வந்து, உன்னோட துப்பாக்கியையும் சேத்து அள்ளிட்டுப் போவாங்கன்னு பயம்... அது பாதிதான். நீ என்னை எப்படிப் பாப்பேன்னுதான் நெசமான பயம்.”

டார்லாவின் கையிலிருந்த தட்டு தாளோடு மேசையில் சரிந்தது.

“அந்த வீட்டுல கதவில்லாத அறை இருக்குன்னு நீ சந்தோஷமா சொல்றப்ப எல்லாம் இவ என் முகத்தத்தான் பாப்பா. அதனாலதான் கையெழுத்துப் போடல. உன்மேல கோவத்துல இல்ல.”

“அப்பா,” என்றான் வேட். “என்ன சொல்றீங்க?”

லோர்னா அழுதுகொண்டிருந்தாள், சத்தமே இல்லை. வேட் இரண்டு எட்டில் வந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தான். ஏன் பிடிக்கிறோம் என்று அவனுக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. பிடித்த கையை விடவில்லை.

எமெட் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

“உங்கம்மா போன மூணாவது வாரம், நீ கிணத்து வேலையில இருந்தப்ப, நான் அந்த ரைஃபிள எடுத்துட்டுக் கொட்டகைக்குப் போனேன். பனியில என் கால்தடத்தப் பாத்து இவ பின்னாலயே வந்து உக்காந்தா, விடியறவரைக்கும் எழுந்திரிக்கல. நான் அங்க போனது சாகறதுக்கு, வேட்.”